துலாக்கோலில் ஒரு வாழ்வு

வழக்கு என்ற சொல்லைக் கேட்டதும் தமிழ் படித்தோர் நெஞ்சில் மதுரை மன்றம் வந்து நிற்கும். பொற்கொல்லன் சொன்னான், பாண்டியன் கேட்டான், கோவலன் வெட்டுண்டான். சொன்னவன் யார், அச்சொல்லால் அவன் அடையும் ஆதாயம் யாது, சிலம்பினுள் இருக்கும் பரல் எது என்று எவரும் ஆராயவில்லை. ஆராய்ந்தபோது காலம் கடந்திருந்தது. எனினும், அங்கே ஒரு சிலம்பு உடைந்த மாத்திரத்தில் உண்மை முழுதும் வெளிப்பட்டுவிட்டது. எல்லா வழக்கும் அவ்வாறு முடிவதில்லை. குற்றம் சாட்டப்பட்டவர் மறைந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின் வெளிவந்த சான்று, பாதியை நிறுவிப் பாதியை ஐயத்திலேயே விட்டுச் செல்வதும் உண்டு. அத்தகைய வழக்குக்கு உரியவர் ஹாரி டெக்ஸ்டர் வைட். பன்னாட்டு நாணய நிதியத்தின் தந்தை எனப் போற்றப்படுபவரும் அவரே. சோவியத் ஒன்றியத்திற்கு அரசின் மறைச்செய்திகளைத் தந்தவர் எனத் தூற்றப்படுபவரும் அவரே.

இளமையும் கல்வியும்

வைட் 1892-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிறந்தார். பெற்றோர் லித்துவேனியாவிலிருந்து குடியேறிய யூதர்கள். ஏழு மக்களுள் இவரே கடைக்குட்டி. குடும்பத்தார் இரும்புச் சாமான் கடை வைத்துப் பிழைத்தனர். இளமையில் அக்கடையில் உழைத்த வைட், முதல் உலகப் போரின்போது படையில் சேர்ந்து பிரான்சுக்குச் சென்று திரும்பினார். ஏனையோர் படிப்பை முடித்துத் தொழிலில் நிலைபெறும் முப்பதாம் வயதை ஒட்டியே அவர் பல்கலைக்கழகப் படிப்பில் ஊன்றினார். கொலம்பியாவிலும் பின்னர் ஸ்டான்ஃபோர்டிலும் பயின்று, 1930-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1880 முதல் 1913 வரையிலான பிரான்சு நாட்டின் பன்னாட்டுக் கணக்குகளை ஆராய்ந்த அவ்வேடு 1933-இல் நூலாக வெளிவந்தது.

பெரும் புலமை இருந்தும் பெரிய பல்கலைக்கழகங்களில் அவருக்கு நிலையான இடம் கிட்டவில்லை. விஸ்கான்சின் மாநிலத்தில் லாரன்ஸ் கல்லூரி என்னும் சிறு கல்லூரியில் ஆசிரியரானார். அமெரிக்கா பொருளாதாரப் பெருமந்தத்தில் ஆழ்ந்திருந்த காலம் அது. சந்தையை அதன் போக்கில் விட்டுவிட இயலாது, அரசு திட்டமிட வேண்டும் என்ற எண்ணம் அறிஞர் பலரிடம் வேரூன்றியது. வைட்டும் ரஷ்ய மொழி கற்று, அந்நாட்டுத் திட்டமிடலை நேரிற்சென்று ஆராய விரும்பினார். அவ்விருப்பம் கைகூடுமுன் 1934-இல் பொருளியலறிஞர் ஜேக்கப் வைனர் அவரை வாஷிங்டனுக்கு அழைத்தார். கோடைக்காலப் பணி ஒன்றுக்காகக் கருவூலத்துறையின் படியேறியவர், அங்கேயே தங்கிவிட்டார்.

கருவூலத்தில்

நிதியமைச்சர் நிலையில் இருந்த கருவூலச் செயலர் ஹென்றி மார்கன்தாவ் பொருளியல் வல்லுநர் அல்லர். சிக்கலான நாணயச் செய்திகளைத் தெளிவாக எடுத்துரைக்கும் ஒருவர் அவருக்குத் தேவைப்பட்டார். வைட் அவ்விடத்தை நிரப்பினார். 1938-இல் நாணய ஆராய்ச்சிப் பிரிவின் இயக்குநரானார். 1941 டிசம்பரில் ஜப்பான் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கியதை அடுத்து, துறையின் வெளிநாட்டு அலுவல்கள் யாவும் அவர் பொறுப்பில் விடப்பட்டன. 1945 ஜனவரியில் துணைச்செயலர் ஆனார். கடுமையாகப் பேசுபவர், மேலோரிடம் பணிந்தும் எதிர்வாதிகளிடம் சீறியும் நடப்பவர் என்றெல்லாம் அவரைப் பற்றிக் கூறுவர். ஆங்கிலப் பொருளியல் மேதை ஜான் மேனார்டு கீன்ஸ் அவருடைய பழகுமுறையை வெறுத்தார். அறிவாற்றலையும் உழைப்பையும் மதித்தார்.

போர் முடிந்தபின் உலக வாணிகம் மீண்டும் சீர்குலையாதிருக்க வேண்டுமென்று இருவரும் தனித்தனியே திட்டம் வகுத்தனர். 1944 ஜூலை 1 முதல் 22 வரை நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துப் பிரெட்டன் உட்ஸில் 44 நாடுகளின் பேராளர்கள் கூடினர். நிதியத்தை வடிவமைத்த குழுவுக்கு வைட் தலைவர். வங்கியை வடிவமைத்த குழுவுக்குக் கீன்ஸ் தலைவர். முடிவில் பெரும்பாலும் வைட்டின் திட்டமே நின்றது. ஓர் அவுன்ஸ் பொன்னுக்கு 35 டாலர் என்ற விலையில் டாலர் பொன்னோடு பிணைக்கப்பட்டது. ஏனைய நாணயங்கள் டாலரோடு பிணைக்கப்பட்டன.

அம்மாநாட்டிற்கு ஜெரமி ரெய்ஸ்மன் தலைமையில் சென்ற இந்தியக் குழுவில் சி.டி. தேஷ்முக், ஏ.டி. ஷ்ராஃப் ஆகியோருடன் கோவையைச் சேர்ந்த ஆர்.கே. சண்முகம் செட்டியாரும் இருந்தார். பின்னாளில் விடுதலை இந்தியாவின் முதல் நிதியமைச்சரான அவர் தமிழிசை இயக்கத்தின் தூண்களுள் ஒருவர். சிலப்பதிகாரப் புகார்க் காண்டத்திற்கு உரை கண்டவர். போர்க்காலத்தில் பிரிட்டன் இந்தியாவுக்குப் பட்டிருந்த ஸ்டெர்லிங் கடனைத் தீர்க்க நிதியம் வழிசெய்ய வேண்டும் என்று இந்தியக் குழு வாதாடியது; அது ஏற்கப்படவில்லை. சிலம்புக்கு உரை எழுதிய அறிஞர் வைட்டோடு ஒரே மண்டபத்தில் அமர்ந்திருந்தார் என்பது எண்ணிப்பார்க்கத் தக்கது. அப்போது அம்மண்டபத்தில் வைட்டை ஐயுற்றோர் இருந்ததாகத் தெரியவில்லை.

சொன்னவர் இருவர்

ஐயத்தைச் சொல்லில் வடித்தவர் இருவர். முதல்வர் விட்டேக்கர் சேம்பர்ஸ். 1930-களில் வாஷிங்டனில் சோவியத் மறைவுக் குழுக்களுக்குத் தூதராக இயங்கி, 1938-இல் அத்தொடர்பை முறித்துக்கொண்டவர்; பின்னர் டைம் இதழின் ஆசிரியர் குழுவில் இடம்பெற்றவர். 1939 செப்டம்பர் 2-ஆம் நாள் வெளியுறவுத் துறையின் அடால்ஃப் பெர்லியைக் கண்டு பல அதிகாரிகளின் பெயர்களைக் கூறினார். ஆனால் பெர்லியின் குறிப்பில் வைட்டின் பெயர் இல்லை. வைட்டை அத்தொடர்பிலிருந்து விலகச் செய்துவிட்டதாக நம்பியே அவர் பெயரை விட்டுவிட்டதாகச் சேம்பர்ஸ் பின்னாளில் விளக்கினார்.

அடுத்தவர் எலிசபெத் பென்ட்லி. போர்க்காலத்தில் நியூயார்க்கிலிருந்து வாஷிங்டன் சென்று செய்திகளைத் திரட்டி வந்த பெண்மணி. 1945 நவம்பரில் எஃப்.பி.ஐ. எனும் நடுவண் புலனாய்வுத்துறையிடம் அனைத்தையும் ஒப்புக்கொண்டார். அரசு அலுவலர் நேதன் கிரிகரி சில்வர்மாஸ்டரின் வீட்டை நடுவாகக் கொண்டு ஒரு குழு இயங்கியது என்றும், ஆவணங்கள் அங்கே படமெடுக்கப்பட்டன என்றும், வைட் தரும் செய்திகள் சில்வர்மாஸ்டர், உல்மன் ஆகியோர் வழியே தமக்கு வந்தன என்றும் கூறினார். வைட்டைத் தாம் நேரிற் கண்டதில்லை என்பதையும் அவரே சொன்னார். ஆகவே வைட்டைப் பொறுத்தவரை அவர் கூற்று கண்டார் கூற்று அன்று, கேட்டார் கூற்றே.

புலனாய்வுத்துறைத் தலைவர் ஜே. எட்கர் ஹூவர் இச்செய்தியை வெள்ளை மாளிகைக்கு அனுப்பினார். இதனிடையே குடியரசுத் தலைவர் ட்ரூமன், நாணய நிதியத்தின் அமெரிக்க நிர்வாக இயக்குநராக வைட்டை முன்மொழிந்திருந்தார். 1946 பிப்ரவரி 4-ஆம் நாளிட்ட தனி அறிக்கை ஒன்று வைட்டைப் பற்றி விரிவாக எச்சரித்தது. இரண்டு நாள் கழித்து, பிப்ரவரி 6 அன்று மேலவை அந்நியமனத்தை உறுதி செய்தது. வைட் அப்பதவியில் 1947 வரை இருந்து விலகினார். அவ்வாண்டிலேயே கடும் மாரடைப்பு அவரைத் தாக்கியது.

விசாரணைக் குழுவின் முன்

1948-இல் நியூயார்க்கில் கிராண்ட் ஜூரி எனப்படும் நடுவர் குழு அவரை விசாரித்தது, குற்றம் சாட்டவில்லை. ஆனால் ஜூலை இறுதியில் பென்ட்லியும், ஆகஸ்டு 3 அன்று சேம்பர்ஸும், அமெரிக்காவுக்கு ஒவ்வாத செயல்களை ஆராயும் பிரதிநிதிகள் அவைக் குழுவின் முன் வெளிப்படையாக அவர் பெயரைச் சொன்னார்கள். தம்மையும் விசாரிக்குமாறு வைட் கேட்டுக்கொண்டார். ஆகஸ்டு 13 அன்று அவர் குழுவின் முன் அமர்ந்தார்.

தாம் ஒருபோதும் கம்யூனிஸ்டாக இருந்ததில்லை என்று மறுத்தார். பேச்சுரிமை, வழிபாட்டுரிமை, சட்டத்தின்முன் சமன்மை ஆகியவற்றில் தமக்குள்ள பற்றை விரிவாக எடுத்துரைத்தார். அவையில் கைதட்டல் எழுந்தது. சேம்பர்ஸை அறிந்ததாக நினைவில்லை என்றார். சில்வர்மாஸ்டர் நண்பர் என்பதையும், 1942-இல் அவருடைய நம்பகத்தன்மை கேள்விக்குள்ளானபோது அவருக்காகப் பரிந்து பேசியதையும், அவர் வீட்டு நிலவறையில் மேசைப்பந்து ஆடியதையும் மறைக்கவில்லை. இதயநோய் காரணமாக அவ்வப்போது ஓய்வு வேண்டும் என முன்னரே எழுதித் தந்திருந்தார். நோயாளிக்கு இத்தனை விளையாட்டு எவ்வாறு இயலும் என்று குழுத்தலைவர் பார்னல் தாமஸ் குத்தலாக வினவினார். ஆட்டம் நோய்க்கு முந்தியது என்று வைட் விடையிறுத்தார். அன்றைய நிகழ்ச்சியில் மக்கள் மனத்தில் நின்றது அந்தக் கேள்வியின் கடுமையே.

விசாரணை முடிந்து நியூ ஹாம்ப்ஷயரில் இருந்த தம் கோடைக்கால இல்லத்திற்குப் புறப்பட்டார். வழியிலேயே நெஞ்சுவலி கண்டது. ஆகஸ்டு 16 அன்று காலமானார். அகவை 55. விசாரணையே கொன்றது என்றனர் நண்பர்கள். இறந்தவர் குற்றவாளியா அல்லரா என்னும் கேள்விக்கு அவ்விறப்பு விடை ஆகாது. ஆயினும் பலருக்கு அதுவே விடையாயிற்று.

மறைவுக்குப் பின் வந்த சான்றுகள்

மூன்று திங்கள் கழிந்தன. பத்தாண்டுகளாக உறவினர் வீட்டில் மறைத்து வைத்திருந்த உறை ஒன்றைச் சேம்பர்ஸ் 1948 நவம்பரில் மீட்டார். வெளியுறவுத் துறை ஆவணப் படிகளோடு, மஞ்சள் தாள்களில் இருபுறமும் எழுதப்பட்ட கையெழுத்துக் குறிப்பும் அதில் இருந்தது. 1938-இன் தொடக்கத்தைச் சார்ந்த அக்குறிப்பின் கையெழுத்து வைட்டுடையது எனக் கண்டறிந்தனர். அதுவரை சேம்பர்ஸ் ஒற்று வேலை நடக்கவில்லை என்றே சாட்சியம் அளித்திருந்தார். இப்போது தம் பழைய சொல்லையே மாற்றினார். சொல்லை மாற்றியவர் என்ற காரணத்தால் அவர் கூற்றின் எடை குறைகிறது. ஆனால் தாள் பேசுவதைச் சொன்னவரின் குணம் அழிக்க முடியாது. அரசின் உட்செய்திகள் அடங்கிய வைட்டின் கையெழுத்து, அவர் அறியாததாகச் சொன்ன ஒருவரின் மறைவிடத்தில் பத்தாண்டு எவ்வாறு இருந்தது என்ற கேள்விக்கு எளிய மறுமொழி இல்லை.

1953 நவம்பர் 6 அன்று தலைமை வழக்குரைஞர் ஹெர்பர்ட் பிரவுனெல், வைட் ஒற்றர் என அறிந்தே ட்ரூமன் அவரை உயர்த்தினார் என்று சிகாகோவில் முழங்கினார். புலனாய்வு கெடாதிருக்கவே நியமனம் தொடரவிடப்பட்டது என்று ட்ரூமன் மறுத்தார். அத்தகைய உடன்பாடு எதற்கும் தாம் இசையவில்லை என்று ஹூவர் மேலவைக் குழுவிடம் கூறினார். இறந்தவரின் பெயர் இரு கட்சிகளின் பூசலில் ஆயுதமாயிற்று. சான்றைப் பற்றிப் பேசியோர் சிலரே.

அதே வேளையில், சான்றுகளுள் வலியது ஒன்று பூட்டிய அறையில் கிடந்தது. 1943 முதல் வர்ஜீனியாவில் ஆர்லிங்டன் ஹால் என்னும் முன்னாள் பெண்கள் கல்லூரிக் கட்டடத்தில், சோவியத் மறைகுறித் தந்திகளைப் படையின் வல்லுநர்கள் உடைக்க முயன்று வந்தனர். ஒருமுறை மட்டுமே பயன்பட வேண்டிய குறியெண் தாள்களைப் போர்க்கால அவசரத்தில் சோவியத் அலுவலர் இரட்டித்துவிட்டமையே அவர்களுக்குக் கிடைத்த வழி. மெரிடித் கார்ட்னர் முதலியோரின் உழைப்பால் 1946 முதல் சில தந்திகள் பகுதி பகுதியாகப் பொருள் தந்தன. வெனோனா எனப்பட்ட இப்பணியைச் சோவியத் தரப்பு தன் ஒற்றர் வழியே 1940-களின் இறுதியிலேயே அறிந்துவிட்டது. அமெரிக்க மக்களுக்கோ 1995 ஜூலையில்தான் அது வெளியிடப்பட்டது. மெக்கார்த்தி காலத்தின் கொடுமை இதனாலேயே மிகுந்தது: அறிந்தோர் பேசவில்லை, பேசியோர் அறிந்திருக்கவில்லை. ஆதாரமற்ற பழியால் வேலையிழந்த அப்பாவி அலுவலரும், ஆதாரமுள்ள பழிக்கு உரியவரும் ஒரே கூச்சலில் கலந்துபோயினர்.

சான்றின் எடை

ஒற்றாடல் அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்த முறை இங்கே பெரிதும் துணைசெய்யும். ஓர் ஒற்றன் சொன்னதை மற்றோர் ஒற்றனால் சோதிக்க வேண்டும். ஒருவரையொருவர் அறியாத மூவர் சொல் ஒத்திருந்தால் தெளிந்துகொள்ளலாம் என்பது அதன் கருத்து. சேம்பர்ஸ் 1938-இல் விலகியவர்; பென்ட்லி வைட்டைப் பற்றி அறிந்தது அதற்குப் பிந்திய செய்திகளை. ஒருவர் மற்றவர் சொல்லைக் கேட்டு எழுதவில்லை. மூன்றாவதான வெனோனாத் தந்திகள் அமெரிக்கர் படிப்பதற்காக எழுதப்பட்டவையே அல்ல.

அத்தந்திகளில் ஜூரிஸ்ட் என்றும் பின்னர் ரிச்சர்ட் என்றும் மறைபெயர் கொண்ட ஒருவர் வருகிறார். மார்கன்தாவ் 1944 ஆகஸ்டு 5 அன்று லண்டனுக்கும் நார்மண்டிக்கும் புறப்பட இருப்பதை ஜூரிஸ்ட் சொன்னதாகத் தந்தி கூறுகிறது. அந்நாளில் மார்கன்தாவுடன் பயணம் சென்றவர் வைட். இத்தகைய பொருத்தங்களைக் கொண்டு, 1950 அக்டோபரில் புலனாய்வுத்துறை ஜூரிஸ்ட் வைட்டே என முடிவுகட்டியது.

வைட்டின் சார்பில் பேசுவோர், நேச நாடான சோவியத் ஒன்றியத்தின் அலுவலரோடு உரையாடுவது அவர் கடமையின் பகுதி என்பர். நாணய நிதியத்தின் வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் பௌட்டன் இவ்வழியில் வாதிட்டவர். 2021-இல் வைட்டின் வாழ்க்கை வரலாற்றையும் எழுதினார். வாதம் புறந்தள்ளத் தக்கதன்று. போர்க்காலத்தில் ரஷ்யரோடு பேசாமல் உலக நாணய ஒழுங்கை அமைத்திருக்க இயலாது. ஒற்றர்தம் தலைமைக்கு எழுதும் தந்தியில் தம் திறமையை மிகைப்படுத்துவதும் இயல்பே. ஆனால் 1944 ஆகஸ்டுத் தந்தி ஒன்றில், சந்திப்பு வெளிப்பட்டால் அரசியல் இழுக்கு நேரும் என அவர் அஞ்சியதாகவும், காரில் சென்றவாறே அரை மணி நேரம் உரையாடலாம் என யோசனை கூறியதாகவும் காணப்படுகிறது. அலுவல் முறையான பேச்சுக்கு ஓடும் கார் வேண்டியதில்லை. 1945-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஐக்கிய நாடுகள் அவை உருவாகிக்கொண்டிருந்தபோது, அமெரிக்கக் குழுவின் உள்நோக்கை ரிச்சர்ட் உணர்த்தியதையும் தந்தி காட்டுகிறது. எதிரே அமர்ந்து பேரம் பேசுவோரிடம் தன் தரப்பின் கையிருப்பைச் சொல்வது எந்தக் கடமையிலும் அடங்காது. 1944 நவம்பரில் அவர் மகளின் படிப்புச் செலவுக்கு ஆண்டுக்கு 2000 டாலர் வரை உதவலாம் என்ற பேச்சு வருகிறது. அதனை அவர் பெற்றார் என்று அத்தந்தி கூறவில்லை. கூறாததைக் கூறியதாகக் கொள்ளலாகாது.

செய்தி தந்தார் என்பது இவ்வாறு பெரும்பாலும் நிலைபெறுகிறது. செனட்டர் மொய்னிஹன் தலைமையிலான ஆணையமும் 1997-இல் அவ்வாறே கருதியது. அடுத்த குற்றச்சாட்டு, அமெரிக்கக் கொள்கையையே மாஸ்கோவுக்காக வளைத்தார் என்பது. இங்கே சான்று மெலிகிறது.

1941-இல் சோவியத் அலுவலர் விட்டாலி பாவ்லோவ் வாஷிங்டனில் வைட்டோடு உணவருந்தி, ஜப்பான்மீது கடுமை காட்டத் தூண்டினார் என்பது 1990-களில் பாவ்லோவே சொன்ன செய்தி. நவம்பர் 26 அன்று அமெரிக்கா ஜப்பானுக்குத் தந்த குறிப்பே போரை மூட்டியது, அதில் வைட்டின் கை இருந்தது என்பர் சிலர். ஆனால் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய கப்பற்படை, அக்குறிப்பு ஜப்பானியத் தூதரின் கைக்கு வருமுன்னரே வடக்குத் தீவுகளிலிருந்து புறப்பட்டுவிட்டது. ஜெர்மனிக்கான படைநாணயத்தை அச்சிடும் தகடுகளை 1944-இல் ரஷ்யருக்கு வழங்கியதும் அவ்வாறே. வைட் அதனை ஆதரித்தார் என்பது மெய். ஆனால் சோவியத் தூதர் வெளிப்படையாகக் கேட்டார், மார்கன்தாவும் வெளியுறவுத் துறையும் இசைந்தே கொடுத்தனர். பலர் கூடி எடுத்த முடிவை ஒருவர் தலையில் ஏற்றுவது ஆராய்ச்சி ஆகாது. அவருடைய தலையாய படைப்பான நாணய நிதியமோ டாலரை அரியணை ஏற்றியது. சோவியத் ஒன்றியம் அதில் சேரவே இல்லை. ப்ரூஸ் கிரெய்க் 2004-இல் வெளியிட்ட நூலில் இவ்விரு குற்றச்சாட்டுகளையும் பிரித்து, முன்னதை ஏற்றுப் பின்னதை மறுத்தார். அப்பிரிவினையே சான்றுக்கு இசைந்தது.

ஏன் செய்தார் என்ற கேள்வி எஞ்சுகிறது. சோவியத் பொருளாதாரம் சோஷலிசம் செயற்படும் என்பதைக் காட்டிவிட்டது என்ற கருத்துடைய அவரது அச்சேறாத கட்டுரை ஒன்றைப் பென் ஸ்டீல் 2013-இல் வெளிக்கொணர்ந்தார். அமெரிக்காவும் ரஷ்யாவும் நட்பாக இருந்தால்தான் உலகிற்கு அமைதி என்று வைட் உறுதியாக நம்பினார். அந்நம்பிக்கை குற்றமன்று. தம் நாட்டு மக்களும் அவர்தம் தலைவரும் அறியாமல், அவர்தம் செய்தியைத் தாமே பங்கிடும் உரிமை தமக்குண்டு என எண்ணியதே குற்றம். ஸ்டாலினின் சிறைகளில் அப்போது வாடியோரைப் பற்றி அவர் எண்ணியிருந்தால் அவ்வுரிமையை அவ்வளவு எளிதாக எடுத்துக்கொண்டிருக்கமாட்டார்.

நிறைவாக

குணத்தையும் குற்றத்தையும் ஆராய்ந்து மிகுதியைக் கொள்க என்பது வள்ளுவம். ஒருவரைப் பணிக்குத் தேர்வதற்கு அது சிறந்த நெறி. இறந்தவரின் வரலாற்றை எழுதுவோர்க்கோ மிகுதியை மட்டும் கொண்டு எஞ்சியதைத் தள்ளிவிடும் உரிமை இல்லை. நிதியத்தை அமைத்தவர் என்பதற்காகக் கார்ப் பயணத்தை மறக்கலாகாது. கார்ப் பயணத்திற்காகப் பேர்ள் துறைமுகத்தின் குருதியை அவர்மேல் தெளிக்கலாகாது. பழி கூறியோரின் முரட்டுத்தனம் பழியைப் பொய்யாக்கவில்லை. பழியின் ஒரு பகுதி மெய்யானதால் பழி கூறியோர் செய்த கொடுமை நியாயமாகவும் இல்லை. மதுரையில் ஆராயாமல் கொன்றது பெரும்பிழை. ஆராய்ந்து தெளிந்த அளவிற்கு மேல் ஓர் அணுவும் கூட்டிச் சொல்வது அப்பிழையின் தம்பி. ஹாரி டெக்ஸ்டர் வைட்டின் வாழ்வு துலாக்கோலின் இரு தட்டிலும் எடையோடு இருக்கிறது. தட்டில் விரல் வைக்காமல் முள்ளைப் படிப்பதே நமக்குள்ள கடமை.